சாக்குக் கழிவு

லொறி மூன்றாம் கட்டையில் நின்றுவிட்டது.
அதற்கு மேல் ரோடு இல்லை.
ரோடு இருந்த இடத்தில்
ஒரு சவுக்குமரம்
நின்ற வாக்கிலேயே சறுக்கி வந்து
நின்றுகொண்டிருக்கிறது,
ஒன்றும் நடவாதது போல.

டிரைவர் நிஹால் எஞ்சினை அணைத்தான்.
"இனி உங்க பாடு, அக்கா" என்றான்
தனக்குத் தெரிந்த தமிழில்.

எங்கள் பாடுதான்.
கொழுந்து மடுவத்தைத் திறந்தேன்.
பதினொரு வருஷம் நான் நிறுவை எழுதிய இடம்.
அதே தராசு, அதே கொக்கி.
அதே பேரேட்டைத் திருப்பிப் போட்டு
கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினேன்:

அரிசி பத்தொன்பது மூட்டை.
பருப்பு, சீனி, டின்மீன்.
கம்பளி அறுபது.
கல்யாண ஜாக்கெட் ஒரு பெட்டி.
குதி உயர்ந்த சப்பாத்து, இடக்கால் மட்டும் நான்கு.
பற்றரி கேட்டிருந்தோம்,
மூன்று தரம் ஃபோனில் கேட்டிருந்தோம்.
பற்றரி: இல்லை.

கிராம சேவகர் படிவம் நீட்டினார்.
குடும்பத் தலைவர். அங்கத்தவர். முகவரி.
மேற்கணக்கில் நாற்பத்தேழு குடும்பம்.
ஏழாம் லயம், நாலாம் காம்பரா என்று எழுதப்போய்
பேனாவை எடுத்துக்கொண்டேன்.
ஏழாம் லயம் இப்போது ஆற்றில் இருக்கிறது.
"ஆறுன்னு போடவா, சேர்?"
அவர் கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

சுமக்க வந்தவர்கள் இருபத்து மூன்று பேர்,
எல்லாரும் கீழ்க்கணக்கு.
கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டியபடி
வரிசையில் நின்றார்கள்,
எப்போதும் நிற்கும் வரிசை.
கூடை மட்டும் இன்றைக்கு
வெறுமையாய் வந்து நிறைந்து போகிறது.
கொழுந்து இறங்கும் பாதையில்
அரிசி ஏறப்போகிறது.

முதல் மூட்டையைக் கொக்கியில் மாட்டினேன்.
மூட்டையில் அச்சடித்தது இருபத்தைந்து.
முள் காட்டியது இருபத்தேழு.

தெய்வயானை எட்டிப் பார்த்தாள்.
"என்ன தங்கச்சி, ரெண்டு கிலோ கழிக்கலியா?"

மடுவம் சத்தமில்லாமல் போயிற்று.
சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றின இலைக்கு என்று
ஆளுக்கு இரண்டு கிலோ
நாளுக்கு மூன்று நிறுவை
நான் கழித்து எழுதியதெல்லாம்
அந்தப் பேரேட்டின் முன்பக்கத்தில் இருக்கிறது.
சொன்னதை எழுதினேன் என்று சொல்லலாம்.
சொல்லவில்லை.
"இன்னைக்குத்தான் அக்கா
இது நெசமாவே தண்ணி" என்றேன்.

அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.
குனிந்து கூடையைச் சரிசெய்ததால்
முகம் தெரியவில்லை.

தார்ப்பாய் கிழிந்து ஏழு மூட்டை நனைந்திருந்தது.
நனைந்த அரிசி கனக்கும், சோறு கூடாது.
நாளை வரைக்கும் தாங்காது.
நனைந்தது முதலில் என்று எழுதினேன்.
பங்கு பிரிக்க வேண்டாம்,
கோயில் கிடாரத்தில் இன்றிரவே பொங்கட்டும்,
காய்ந்த மூட்டையை நாளைக்குப் பிரிக்கலாம் என்று
துண்டு எழுதி லோகேஸ் கையில் கொடுத்தேன்.

அவன் சட்டைக்குள்ளே
சின்னக்காளைக்கு இன்சுலின் இருந்தது.
ஐஸ் போட்டு அனுப்பியிருந்தார்கள் கொழும்பிலிருந்து.
இந்தக் குளிருக்கு ஐஸ்!
ஐஸைக் கொட்டிவிட்டு மருந்தை மட்டும்
நெஞ்சோடு கட்டிக்கொண்டு
எல்லாருக்கும் முன்னால் ஓடினான்.

நாலு மணிக்கு ஃபோன் வந்தது.
வேறென்ன வேண்டும் என்று ஒரு நல்ல குரல்.
சப்பாத்து வேண்டாம் என்றேன்.
பற்றரி என்றேன், நாலாவது தரமாக.
பிறகு,
சுமக்கிறவர்களுக்குச் சாப்பாடு என்றேன்.
"அவங்க பாதிக்கப்பட்டவங்க லிஸ்ட்ல இருக்காங்களா?"
இல்லை.
அவர்கள் வீடு இன்னும் இருக்கிறது.
காலையிலிருந்து வெறுந்தேத்தண்ணி.

ஏழேகாலுக்கு மழை விட்டது.
மேலே புகை தெரிந்தது, கிடாரத்துப் புகைதான்.
அதன் பின் ஒவ்வொன்றாக டோர்ச் வெளிச்சம்
வளைவு வளைவாய் இறங்கத் தொடங்கியது.

மடுவத்து வாசலில் நின்று எண்ணினேன்.
போனது இருபத்து மூன்று.
வெளிச்சம் இருபத்திரண்டு.

திரும்ப எண்ணினேன்.

பற்றரி தீர்ந்திருக்கும்.
பேரேடு விரித்தபடி கிடக்கிறது,
பேனாவை மூடி வைத்துவிட்டேன்.
ஆள் வந்து சேரட்டும்,
பிறகு எழுதலாம்.